மலையேறும் பிக்கப்புக்கும் வேண்டும் சறுக்கல் தடுப்பு

கார் வாங்கப் போகிறவர்கள் இப்போது மைலேஜுக்கு அடுத்தபடியாக 'எத்தனை ஸ்டார்?' என்று கேட்கிறார்கள். 2023 அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் பாதுகாப்பு மதிப்பீடு அந்தக் கேள்வியை ஷோரூம்களுக்குள் கொண்டுவந்திருக்கிறது. மோதல் சோதனையில் ஒரு கார் எவ்வளவு நன்றாகத் தாக்குப்பிடித்தாலும், மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு என்னும் இ.எஸ்.சி. அதில் இல்லையென்றால் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ கிடைக்காது. வண்டி சறுக்கி, ஓட்டுநரின் கையை மீறப்போகும் கணத்தில் தானாகவே பிரேக் போட்டு அதை வழிக்குக் கொண்டுவரும் கருவி அது. அதை ஓர் அளவுகோலாக வைத்தது சரியான முடிவு. ஆனால் அந்த அளவுகோல் பயணிகள் கார்களோடு நின்றுவிட்டது; அதுவும் தயாரிப்பாளர் விரும்பினால் மட்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் மனிதர்களையும் மரவள்ளிக் கிழங்கையும் ஏற்றி இறக்கும் பிக்கப்புக்கும், குட்டியானை எனப்படும் சின்னச் சரக்கு வண்டிக்கும் நட்சத்திரம் கிடையாது. சறுக்குவதற்கும் கவிழ்வதற்கும் வாய்ப்பு அதிகமுள்ள வண்டிகள் இவைதான். எனவே இந்தக் கருவியைச் சட்டப்படி கட்டாயமாக்கும் வேலை இவற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

கருவியின் வேலையை அந்த மலையிலுள்ள வெள்ளிமலைச் சாலையின் இறக்கத்தில் வைத்தே பார்க்கலாம். ஐப்பசி மழையில் நனைந்த தார்ச் சாலை, இடப்பக்கம் திரும்பும் வளைவு, 40 கிலோமீட்டர் வேகம். 30-க்கும் 40-க்கும் ஓட்டுநருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. டயருக்குத் தெரியும். வளைவில் வண்டியைத் தடத்தில் வைத்திருக்கத் தேவைப்படும் பிடிமானம் வேகத்தின் இருமடியாக ஏறுகிறது; ஆகவே 30-இல் தேவைப்பட்டதைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்கும் சற்று மேலாகவே 40-இல் தேவைப்படும். ஈரத் தாரில் அவ்வளவு பிடிமானம் கிடைக்காவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். முன்சக்கரங்கள் பிடியை விட்டால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி வளையாமல் சாலை ஓரத்தை நோக்கி நேரே போகும். பின்சக்கரங்கள் பிடியை விட்டால், பின்பக்கம் வலதுபுறம் வீசி எறியப்பட்டு வண்டி சுழலத் தொடங்கும். இரண்டிலும் ஓட்டுநர் பெரும்பாலும் ஒன்றையே செய்வார்: பிரேக்கை முழு பலத்தோடு மிதிப்பார்.

இ.எஸ்.சி. இந்த இடத்தில்தான் குறுக்கிடுகிறது. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ஒரு சென்சார் சொல்கிறது. ஓட்டுநர் எங்கே போக நினைக்கிறார் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். வண்டியின் நடுப்பகுதியில் உள்ள சென்சார்கள், வண்டி உண்மையில் எந்த வேகத்தில் திரும்புகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதை அளக்கின்றன. நான்கு சக்கரங்களின் வேகமும் தனித்தனியே கணக்கில் சேர்கிறது. இந்தத் துறையின் முன்னோடியான போஷ் நிறுவனத்தின் கணக்குப்படி, நொடிக்கு 25 முறை இந்த ஒப்பீடு நடக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடும். அப்படியானால் அரை மீட்டர் நகர்வதற்குள் ஒருமுறை, ஓட்டுநர் நினைத்த பாதையும் வண்டி போகும் பாதையும் ஒத்துப்பார்க்கப்படுகின்றன. இரண்டும் விலகினால் கருவி ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். இடது வளைவில் முன்பக்கம் வழுக்கினால் உட்புறமுள்ள இடது பின்சக்கரம். அந்த இழுப்பில் வண்டியின் மூக்கு வளைவுக்குள் திரும்புகிறது. பின்பக்கம் வழுக்கினால் வெளிப்புறமுள்ள வலது முன்சக்கரம். அது சுழற்சியை எதிர்த்து வண்டியை நேராக்குகிறது. கூடவே, ஓட்டுநரின் கால் ஆக்சிலரேட்டரில் இருந்தாலும் என்ஜினின் இழுவையைக் கருவி குறைத்துவிடும். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு சில முறை கண்சிமிட்டும். அவ்வளவுதான், என்ன நடந்தது என்று ஓட்டுநருக்குத் தெரியாமலேகூடப் போகலாம்.

அதே மாவட்டத்தின் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர் ஓட்டுநர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒரு பிரேக் பெடல், வலதுக்கு ஒரு பெடல். வயல் மூலையில் இடது பெடலை மட்டும் மிதித்தால் வண்டி அந்தச் சக்கரத்தைச் சுற்றித் திரும்பிவிடும். ரோட்டுக்கு வருமுன் இரண்டு பெடலையும் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும்; வேகத்தில் ஒருபக்க பிரேக் விழுந்தால் வண்டி கவிழும். இ.எஸ்.சி. செய்வது அதே ஒருபக்க பிரேக்கைத்தான். ஆனால் எந்தச் சக்கரம், எவ்வளவு அழுத்தம், எத்தனை நேரம் என்பதை அளந்து செய்கிறது. 'நல்ல ஓட்டுநருக்கு இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்களுக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. மலைச் சாலையில் முப்பது வருடம் ஓட்டியவராக இருந்தாலும் அவர் காலடியில் இருப்பது ஒரே பிரேக் பெடல். நான்கு சக்கரங்களில் ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்த எந்தத் திறமையாலும் முடியாது.

இந்தக் கருவி 1995-இல் மெர்சிடிஸ் பென்ஸின் விலையுயர்ந்த எஸ் கிளாஸ் காரில் அறிமுகமானது. அது பணக்காரர்களின் காரோடு நின்றுவிடாமல் கீழே இறங்கிய கதை நம் வாதத்துக்கு முக்கியமானது. 1997 அக்டோபரில் ஸ்வீடனில் ஒரு மோட்டார் பத்திரிகை, அதே நிறுவனத்தின் புதிய சிறிய காரான ஏ கிளாஸை ஒரு சோதனைக்கு உட்படுத்தியது. சாலையில் திடீரென எல்க் மான் குறுக்கிட்டால் ஓட்டுநர் எப்படி ஒடிப்பாரோ அப்படி ஒருபக்கம் ஒடித்து, உடனே மறுபக்கம் திருப்ப வேண்டும். உயரமான, நீளம் குறைந்த அந்தக் கார் கவிழ்ந்துவிட்டது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, எல்லா ஏ கிளாஸ் கார்களிலும் இ.எஸ்.சி.யைப் பொருத்தியது. எஸ் கிளாஸுக்கு வந்து இரண்டே ஆண்டுகளில் ஒரு சிறிய காருக்கு அது வந்து சேர்ந்ததற்குக் காரணம், உயரமான வண்டி கவிழும் என்ற எளிய உண்மை. எதிரே திடீரென வந்த பைக்குக்கோ மாட்டுக்கோ ஒதுங்கி, பள்ளம் தெரிந்ததும் சட்டென்று மறுபக்கம் ஒடிப்பது நம் சாலைகளில் அன்றாடம் நடப்பது. அந்த இரண்டாவது ஒடிப்பில்தான் வண்டி கவிழ்கிறது.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007-இல் இதைக் கட்டாயமாக்கும் விதியை வெளியிட்டபோது முன்வைத்த மதிப்பீடுகள் தெளிவானவை. ஒரே வண்டி தடுமாறிச் சிக்கும் விபத்துகள் சாதாரணக் கார்களில் 34 சதவீதமும், எஸ்.யு.வி.க்களில் 59 சதவீதமும் குறையும். தனியே கவிழும் விபத்துகள் கார்களில் 71 சதவீதமும், எஸ்.யு.வி.க்களில் 84 சதவீதமும் குறையும். இந்த இரண்டு ஜோடி எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தாழ்வான காரைவிட உயரமான வண்டிக்குத்தான் இந்தக் கருவியால் பயன் அதிகம். அதனால்தான் அந்த விதி கார்களோடு நிற்காமல் 4,536 கிலோ வரை எடையுள்ள வேன்களையும் பிக்கப்புகளையும் சேர்த்துக்கொண்டது. 2011 செப்டம்பருக்குப் பிறகு அங்கே இக்கருவி இல்லாத அவ்வகைப் புது வண்டி விற்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியமும் இலகுரகச் சரக்கு வண்டிகளை விட்டுவைக்கவில்லை. நாமோ காரிலிருந்து தொடங்கி, காரிலேயே நின்றிருக்கிறோம்.

கல்வராயன் மலையின் நிலைமை இந்த இடைவெளியைக் கண்ணெதிரே காட்டுகிறது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அது நிற்கிறது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு எனச் சிதறிக் கிடக்கும் ஊர்களில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். மலையிலிருந்து கிழங்கு இறங்குகிறது. கீழிருந்து உரமும் சிமெண்டும் அரிசியும் ஏறுகின்றன. சந்தைக்கும் கோயிலுக்கும் துக்க வீட்டுக்கும் போக, பேருந்து வராத ஊர்களில் கிடைப்பது சரக்கு வண்டியின் பின்பக்கம்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நிகழ்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் இம்மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த விசாரணையில் சாலையும் பேருந்தும் முக்கியப் பிரச்சினைகளாக வந்தது தற்செயல் அல்ல.

அந்தச் சரக்கு வண்டியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பாரம் சுமப்பதற்காகப் பின்னால் கெட்டியான பட்டை வில் வைத்திருப்பார்கள். காலியாக ஓடும்போது எடையின் பெரும்பகுதி முன்பக்கம் கேபினிலும் என்ஜினிலும் இருக்க, பின்சக்கரங்கள் தரையை அழுத்தாமல் துள்ளும். மழையில் அந்தப் பின்பக்கம் வழுக்க அதிக நேரம் ஆகாது. அதே வண்டியில் கேபினுக்கு மேலே போகும்வரை கிழங்கு மூட்டை அடுக்கினால் அது வேறு வண்டியாகிவிடுகிறது: எடை மையம் மேலே ஏறிவிடும், கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்கள் அமுங்கி, உட்பக்கச் சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் உருளும். காலையில் ஒரு குணம், மாலையில் ஒரு குணம். மனிதர்கள் நின்றபடி வந்தால் இன்னும் மோசம். வளைவில் அவர்கள் எல்லோரும் ஒருபக்கம் சாயும்போது எடை மையமும் கூடவே சாய்கிறது. கார் ஓட்டுபவர் தன் வண்டியின் குணத்தை ஒருமுறை பழகிக்கொண்டால் போதும். பிக்கப் ஓட்டுபவர் ஒவ்வொரு நடையிலும் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. இப்படி எடை மாறிக்கொண்டே இருக்கும் வேன்களுக்கென்றே, ஏற்றிய பாரத்தைக் கணித்து அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் இ.எஸ்.சி. பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக வலுவானது, சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவதே சட்டவிரோதம் என்பது. அதைப் பாதுகாப்பாக்க முனைவது தவறை ஏற்றுக்கொள்வதாகாதா? 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்தின் ஜவ்வாது மலையில், கோயிலுக்குப் போன மலைமக்கள் ஏறியிருந்த சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களே அதிகம். அந்த விபத்தை இ.எஸ்.சி. தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. திறந்த வண்டியில் சீட் பெல்ட்டும் கூரையும் இல்லாமல் நிற்பவர்களை எந்த மின்னணுக் கருவியாலும் முழுதாகக் காப்பாற்ற முடியாது. அவர்களுக்கு வேண்டியது பேருந்து. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் எல்லா ஊருக்கும் பேருந்து ஓடத் தொடங்கிய பிறகும் கிழங்கும் உரமும் பிக்கப்பில்தான் போகும். அதன் கேபினில் ஓட்டுநரும் கிளீனரும் இருப்பார்கள். எதிரே ஒரு பைக்கில் கணவன், மனைவி, குழந்தை வருவார்கள். வண்டி அதன் தடத்தில் நிற்க வேண்டிய தேவை, பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததல்ல.

செலவு என்னும் அடுத்த மறுப்பை எண்களால் எதிர்கொள்ளலாம். குட்டியானை வாங்குபவர் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர், மாதத் தவணை கட்டுபவர். ஒவ்வொரு ரூபாயும் அவருக்குக் கனம்தான். ஆனால் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்கும் வண்டியில் இ.எஸ்.சி.க்கான அடிப்படை உறுப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன: சக்கர வேகச் சென்சார்கள், பம்பு, பிரேக் அழுத்தத்தைத் திறந்து மூடும் வால்வுகள். அதற்கு மேல் தேவைப்படுவது சில வால்வுகளும், ஸ்டியரிங்குக்கும் வண்டியின் சுழற்சிக்குமான சென்சார்களும், மென்பொருளும். ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கு இந்தக் கூடுதல் செலவு சராசரியாக 111 டாலர் என்று அமெரிக்க அரசு 2007-இலேயே கணக்கிட்டது. ஏ.பி.எஸ். இல்லாத வண்டிக்கு இரண்டையும் சேர்த்துப் பொருத்தச் செலவு கூடும் என்பது உண்மை; அந்த வண்டிக்கு அந்த இரண்டுமே தேவை என்பதும் உண்மை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகை மாசு விதி வந்தபோது, சின்னச் சரக்கு வண்டி அதனால் வரும் விலையேற்றத்தைத் தாங்காது என்றுதான் சொன்னார்கள். தாங்கியது. அந்த விதியால் என்ஜின் மின்னணுக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதால், இழுவையைக் குறைக்கச் சொல்லி இ.எஸ்.சி. இடும் கட்டளையை நிறைவேற்றவும் இப்போது வழி இருக்கிறது.

கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் ஓட்டுநர்கள் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள் என்ற அச்சமும் அடிக்கடி எழுகிறது. சிலர் கூட்டத்தான் செய்வார்கள். ஆனால் மேலே சொன்ன சதவீதங்கள், சாதாரண மனிதர்கள் சாதாரணச் சாலைகளில் ஓட்டிய வண்டிகளின் விபத்துப் பதிவுகளை அலசிக் கிடைத்தவை. தைரியத்தால் கூடிய வேகம் ஏதாவது இருந்தால் அதுவும் அந்தக் கணக்குக்குள் அடக்கம். அதையும் மீறித்தான் விபத்துகள் குறைந்தன.

சாலை மோசமாக இருக்கும்போது கருவியால் என்ன பயன் என்று கேட்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. இ.எஸ்.சி. புதிதாகப் பிடிமானத்தை உண்டாக்குவதில்லை; இருக்கும் பிடிமானத்தை எந்தச் சக்கரத்தில் பயன்படுத்துவது என்று முடிவு செய்கிறது, அவ்வளவே. வழுவழுவென்று தேய்ந்த டயரிலோ, மழை அடித்துக் கொண்டுவந்த மண் படர்ந்த வளைவிலோ அதன் கை கட்டுண்டுவிடும். வளைவுகளில் தடுப்புச் சுவரும், ஓரங்களில் வடிகாலும், பெயர்த்துப் போடாத தாரும் மலைமக்களின் உரிமை. ஆனால் வடிகால் அடைத்த ஒரு வளைவைச் சரிசெய்தால் அந்த வளைவு மட்டும் சரியாகும். வண்டியில் இருக்கும் கருவி, கோமுகி அணையைத் தாண்டி மலையேறும் சாலையிலும் கூடவே வரும்; சின்னசேலம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் வழியிலும், சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையிலும் கூடவே வரும்.

இரு சக்கர வண்டிகளின் கணக்கைக் காட்டி இதைச் சின்ன விஷயம் என்பவர்களும் உண்டு. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். நாடு முழுவதும் அந்த ஆண்டு இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கும் மேல் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். ஹெல்மெட்டும், வேகக் கட்டுப்பாடும், பாதுகாப்பான சந்திப்புகளும் அதிக உயிர்களைக் காக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் செய்தால் மற்றொன்றுக்குப் பணமில்லாமல் போகும் நிலைமை இங்கே இல்லை. இந்த விதிக்கு அரசு கஜானாவிலிருந்து பணம் எடுக்க வேண்டியதில்லை. தவிர, தடுமாறிய வேன் எதிர்த்தடத்துக்குள் பாயும்போது முதலில் அடிபடுவது பெரும்பாலும் அந்த இரு சக்கர வண்டிக்காரர்தான்.

அரசுகள் என்ன செய்ய வேண்டும்? சட்டம் ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது; மூன்றரை டன்னுக்குட்பட்ட சரக்கு வண்டிகளுக்கும் வேன்களுக்கும் இ.எஸ்.சி.யைக் கட்டாயமாக்கி அறிவிக்கை வெளியிட வேண்டும். அதுவரை தமிழ்நாடு அரசு காத்திருக்கத் தேவையில்லை. மலைக்குப் போகும் ஆம்புலன்ஸ், துறை அலுவலர்களின் ஜீப், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம் மலைத்தடங்களில் ஓட்டும் பேருந்து ஆகியவற்றுக்கு டெண்டர் விடும்போதே இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம். பேருந்துக்கும் லாரிக்கும் ஏற்ற பெரிய வகைக் கருவிகளும் உண்டு. இன்னொன்று, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வரும் வண்டிகளில் டேஷ்போர்டின் மஞ்சள் விளக்கைப் பார்ப்பது. சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில நொடிகளில் அணைந்தால் கருவி சரியாக இருக்கிறது. எரிந்துகொண்டே இருந்தால் சென்சாரில் சேறு அடைத்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். விளக்கையே கழற்றிவிட்டு வருபவர்களும் உண்டு. ஆகவே முதலில் அது எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சேற்றில் சக்கரம் சிக்கும்போது இழுவை குறைவதால் வண்டி நகர மறுக்கும் என்று மலை ஓட்டுநர்கள் சொன்னால் அது நியாயமான குறைதான். அதற்கென ஓர் அணைப்புப் பொத்தான் இருக்கட்டும். ஆனால் என்ஜினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது கருவி தானாக உயிர் பெற வேண்டும். அமெரிக்க விதியில் அப்படித்தான் இருக்கிறது.

தள்ளிப்போடுவதற்கு ஒரு விலை உண்டு. கண்ணாடி, ஹாரன் போல இந்தக் கருவியைப் பின்னால் வாங்கி மாட்ட முடியாது. வண்டியின் எடை, வில், டயர், பிரேக் எல்லாவற்றுக்கும் பொருத்தித் தொழிற்சாலையிலேயே அமைக்க வேண்டும். கள்ளக்குறிச்சி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இந்த வாரம் பதிவாகும் பிக்கப், இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியேதான் பதினைந்து ஆண்டுகள் மலையேறி இறங்கும். ஐரோப்பாவில் 2011 நவம்பரில் புதிய மாடல்களுக்கும், மூன்று ஆண்டுகள் அவகாசம் தந்து 2014 நவம்பரில் எல்லாப் புதுக் கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கினார்கள். தொழிற்சாலைகளுக்குத் தேவைப்பட்ட அவகாசம் அவ்வளவுதான். அதே மூன்று ஆண்டுகளை நம் சரக்கு வண்டித் தயாரிப்பாளர்களுக்கும் தரலாம்; ஆனால் எந்தத் தேதியிலிருந்து என்பதை இந்த ஆண்டே அறிவித்துவிட வேண்டும்.